ஒருவரும் விழாத பள்ளிக்கூடம்

ஒரு காட்டில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. காட்டில் ஏது பள்ளிக்கூடம் என்று கேட்காதீர்கள், குழந்தைகளே. பிள்ளையைப் பற்றிப் பெருமை பேசுகிற அப்பா அம்மா எங்கே இருக்கிறார்களோ, அங்கே பள்ளிக்கூடம் தானாக முளைத்துவிடும்.

அது யார் வேண்டுமானாலும் சேர்ந்து படிக்கிற பள்ளிக்கூடம் இல்லை. மேதைக் குட்டிகளுக்கு மட்டுமான தனிப் பள்ளி. வாசலில் ஒரு மூங்கில் தட்டி தொங்கும். அதில் கொட்டை எழுத்தில், 'இங்கே இதுவரை ஒருவர்கூட விழுந்ததில்லை' என்று எழுதியிருக்கும்.

பள்ளியை நடத்தியவர் ஆமையார். மடுவின் கரையில் ஒரு தட்டைப் பாறைமேல் உட்கார்ந்திருப்பார். ரொம்ப நிதானமானவர். அவர் ஒரு வார்த்தை சொல்லி அடுத்த வார்த்தைக்கு வருவதற்குள் நீங்கள் ஒரு நெல்லிக்காயைத் தின்று, கொட்டையையும் துப்பிவிடலாம். பிள்ளையைச் சேர்க்க வருகிற பெற்றோரிடம் அவர் முதலில் சொல்வது ஒன்றுதான்.

"நான் எத்தனையோ மழைக்காலம் பார்த்தவன். இன்றுவரை ஒரு தடவைகூட மரத்திலிருந்து விழுந்ததில்லை."

"அடேயப்பா!" என்று பெற்றோர் வாயைப் பிளப்பார்கள். "நாங்க வாரத்துக்கு ஒரு தடவையாவது விழுந்துடறோமே!" என்று குரங்குகள் வெட்கப்பட்டுத் தலையைச் சொறியும்.

அவர் சொன்னதில் பொய்யே இல்லை. அதற்கு மேல் ஒரு கேள்வி கேட்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை.

அந்தக் காட்டில் ஒரு மந்தி இருந்தாள். அவளுடைய கணவன் கடுவன். அவர்களுக்கு ஒரே மகன். பெயர் துள்ளன்.

துள்ளனுக்கு வேலையே தாவுவதும் விழுவதும்தான். முழங்காலில் பழைய சிராய்ப்பு ஆறுவதற்குள் புதுச் சிராய்ப்பு வந்துவிடும். பக்கத்து மரத்துக் குரங்குக் குட்டி குன்னி அவனுக்குக் கூட்டாளி. விழுவதில் அவளும் இளைத்தவள் இல்லை.

'பொத்' என்று சத்தம் கேட்டால், "இது நம்ம பையனா, குன்னியா?" என்று கடுவன் கேட்பான்.

"பொறுங்க, இன்னொரு சத்தம் வரும்" என்பாள் மந்தி. சொன்னபடியே வரும்.

அந்தக் குரங்குக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. கோடை முடிவதற்குள் இக்கரையில் பழமெல்லாம் தீர்ந்துவிடும். மழை தொடங்குகிற நாளில் எல்லாக் குரங்குகளும் மடுவைத் தாண்டி அக்கரையில் இருக்கிற அத்தித் தோப்புக்குப் போய்விடும். அக்கரை செங்குத்தான பாறை. அதில் பல்லி வேண்டுமானால் ஏறலாம். குரங்குக்கு இருப்பது ஒரே வழிதான். இக்கரையில் தண்ணீருக்கு மேலே சாய்ந்து நிற்கிற நாவல் மரத்தில் ஏறி, அதன் கடைசிக் கிளையிலிருந்து எதிர்க்கரை அத்திக் கிளைக்கு ஒரே தாவாகத் தாவ வேண்டும்.

போன வருஷம் துள்ளன் அம்மாவின் வயிற்றைக் கட்டிக்கொண்டு அக்கரை போய்விட்டான். இந்த வருஷம் அவன் வளர்ந்துவிட்டான். இனி அவனாகத்தான் தாவ வேண்டும். தாவ முடியாமல் இக்கரையில் தங்கிவிட்டால் தின்ன ஒன்றும் கிடைக்காது. மழைக்காலம் முழுக்கச் சிறுத்தை வேறு அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கும்.

"நம்ம பையன் தாவுறதைப் பார்த்து ஊரே அசந்து போகணும். அதுக்கு நல்ல பள்ளிக்கூடமாச் சேர்க்கணும்" என்றாள் மந்தி.

"அவன்தான் நாள் முழுக்கத் தாவிக்கிட்டே இருக்கானே?" என்றான் கடுவன்.

"சும்மா இருங்க. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

கடுவன் சும்மா இருந்தான். வெகு நாளாக அவனுக்கு அது பழக்கம்.

சேர்க்கை நாள் வந்தது. மடுவின் கரையில் ஒரே கூட்டம். "என் பொண்ணு கண்ணு திறக்கறதுக்கு முன்னாடியே ஓட ஆரம்பிச்சுட்டா" என்றாள் அணிலின் அம்மா. "எங்க பையன் முட்டைக்குள்ளேயே சிறகை அடிச்சான்" என்றாள் பருந்தின் அம்மா. வரையாட்டின் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. தன் குட்டியை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒரு கல்லின்மேல் நிறுத்தி வைத்திருந்தாள்.

ஆமையார் மந்தியைக் கூப்பிட்டார்.

"உங்கள் மகன் எப்போது முதல் தாவுகிறான், அம்மா?"

"தாவிக்கிட்டேதான் பொறந்தான், ஐயா!"

"அப்போது கீழே விழுந்தானா?"

"இல்லீங்க ஐயா. நான் பிடிச்சுக்கிட்டேன்."

"நல்லது. தாவச் சொல்லுங்கள்."

பாறையின் அருகே இருந்த புங்க மரத்தில் ஒரு கிளையிலிருந்து இன்னொரு கிளைக்குத் தாவ வேண்டும். அதுதான் தேர்வு. துள்ளன் அழகாகத் தாவினான். எப்படித் தாவாமல் இருப்பான்? போன வாரம் முழுக்க அதே கிளையிலிருந்து விழுந்து விழுந்து பழகியவன் ஆயிற்றே. ஆனால் அதை ஆமையார் கேட்கவில்லை, மந்தியும் சொல்லவில்லை.

அடுத்துக் குன்னி தாவினாள். அவள் அந்தக் கிளையில் அன்றைக்குத்தான் முதன்முதலாக ஏறுகிறாள். பொத்தென்று விழுந்தாள். பின்பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே, "இன்னொரு தடவை தாவட்டுமா, ஐயா?" என்று சிரித்தாள்.

"விழுந்தவர்களுக்கு இங்கே இன்னொரு தடவை கிடையாது, குழந்தாய்" என்றார் ஆமையார். "நீ வீட்டுக்குப் போகலாம்."

துள்ளன் தலையில் மந்தாரை இலையில் தைத்த தொப்பி ஒன்றை வைத்தார்கள். அது மேதைக் குட்டிகள் மட்டுமே போடுகிற தொப்பி. மந்திக்குக் கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்கு நேர்வழியில் போகாமல் காட்டில் இருக்கிற எல்லா மரத்துக்கும் போய்விட்டுத்தான் வந்தாள்.

"இனிமே அந்தக் குன்னியோட சேராதே" என்று மகனிடம் சொன்னாள். "அவ விழுறவ."

மறுநாள் வகுப்பு தொடங்கியது. துள்ளன் விறுவிறுவென்று மரத்தில் ஏறி, கையைத் தேய்த்துக்கொண்டு, தூரத்தில் இருந்த ஒரு கிளையைப் பார்த்தான்.

"தம்பி, எங்கே தாவப் போகிறாய்?" என்று கேட்டார் ஆமையார்.

"அதோ, அந்தக் கிளைக்கு, ஐயா."

"முன்பு அதற்குத் தாவியிருக்கிறாயா?"

"இல்லீங்க ஐயா. அதான் தாவிப் பார்க்கப் போறேன்."

"விழுந்துவிட்டால்?"

"மறுபடி ஏறுவேன்."

மற்றக் குட்டிகள் 'ஐயோ' என்று வாயைப் பொத்திக்கொண்டன. ஆமையார் கண்ணை மூடி, மெதுவாகத் திறந்தார்.

"தம்பி, விழுகிறவன் மேதை இல்லை. நீ விழுந்தால் அந்தத் தொப்பியைக் கழற்றிவிடுவேன். வாசலில் எழுதியிருப்பதைப் படித்தாய் அல்லவா? உன்னால் அந்தத் தட்டியை மாற்றி எழுத வேண்டி வரலாமா?"

துள்ளன் தொப்பியைத் தொட்டுப் பார்த்தான். அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. தூரத்துக் கிளையை விட்டுவிட்டுப் பக்கத்துக் கிளைக்குத் தாவினான்.

"பார்த்தீர்களா மேதையை!" என்றார் ஆமையார். எல்லோரும் கைதட்டினார்கள்.

கைதட்டல் இனிப்பாகத்தான் இருந்தது. மறுநாள் அவன் அதைவிடப் பக்கத்துக் கிளைக்குத் தாவினான். அதற்கும் கைதட்டினார்கள். பிறகு கிளையை விட்டு இறங்கி அடிமரத்துக்கு வந்தான். அடிமரத்திலிருந்து வேருக்கு வந்தான். ஒரு வேரிலிருந்து பக்கத்து வேருக்குத் தாவினான். ஆமையார் ஒவ்வொரு நாளும், "நேற்றைவிட இன்று இன்னும் கச்சிதம்" என்றார்.

மற்றக் குட்டிகளும் அப்படித்தான். பாறை உச்சியில் நிற்கப் பிறந்த வரையாட்டுக் குட்டி, சமதரையில் நான்கு காலையும் ஊன்றி நின்று, வழுக்காமல் நிற்பதில் முதலாவதாக வந்தது. அணில்பிள்ளை தரையில் மட்டும் ஓடியது. பருந்துக் குஞ்சு ஒரு கல்லில் உட்கார்ந்து சிறகைப் பற்றிப் பேசவே ஆரம்பித்துவிட்டது.

"நீ எப்போ பறப்பே?" என்று துள்ளன் அதனிடம் ஒருநாள் கேட்டான்.

"பறக்கறதைப் பத்தி இவ்வளவு தெரிஞ்சவன் பறந்து வேற காட்டணுமா?" என்றது குஞ்சு. சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்தது. பிறகு சட்டென்று தலையைக் குனிந்துகொண்டது.

வீட்டிலும் துள்ளன் மாறிப்போனான். தூங்கும்போதும் தொப்பியைக் கையால் பிடித்துக்கொண்டே தூங்கினான். பசித்தால் மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

"பழம் மேலே இருக்கு, நீ கீழே என்னடா பண்றே?" என்று கேட்டான் கடுவன்.

"அவ்வளவு உசரத்துக்கு நாங்க இன்னும் போகலைப்பா. பாடத்தில வரல."

கடுவன் மந்தியைப் பார்த்தான். "என்ன இவன் இப்படி ஆயிட்டான்?"

"மேதைங்க அப்படித்தான் இருப்பாங்க" என்றாள் மந்தி.

"மேதையோ என்னவோ. பழம் பறிச்சுப் போடுறது நான்தானே" என்று முணுமுணுத்துக்கொண்டே கடுவன் மரம் ஏறினான்.

ஒருநாள் சாயங்காலம் குன்னி வந்தாள். முட்டியில் இரண்டு புதுச் சிராய்ப்பு. வாலில் சேறு.

"டேய், வர்றியா? நாவல் மரத்துல ஏறி மடுவுக்கு மேல தாவிப் பார்க்கிறேன். பாதி தூரம் போயிட்டேன்டா! அப்புறம் தண்ணியில விழுந்துட்டேன். செம ஜோரா இருந்தது."

துள்ளனுக்குக் கால் துறுதுறுத்தது. ஓர் அடி முன்னால் வைத்தான். உடனே கை தானாகத் தொப்பிக்குப் போனது.

"நான் வரல. நான் விழக் கூடாது."

"ஏன்?"

"நான் மேதை."

"ஐயோ பாவம்" என்றாள் குன்னி. கேலியாக இல்லை, நிஜமாகவே பாவப்பட்டுச் சொன்னாள். பிறகு போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் மடுவிலிருந்து 'தொப்' என்று சத்தமும் சிரிப்பும் கேட்டன. துள்ளனுக்கு அழுகை வந்தது. மேதைகள் அழலாமா கூடாதா என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. அதனால் திரும்பி உட்கார்ந்துகொண்டு அழுதான்.

கோடை முடிகிற சமயத்தில் பள்ளியில் ஆண்டு விழா வைத்தார்கள். காடே திரண்டு வந்திருந்தது. வரையாட்டுக் குட்டி மேடையில் அசையாமல் நின்று பரிசு வாங்கியது. பருந்துக் குஞ்சு 'காற்றும் நானும்' என்று கல்லில் உட்கார்ந்தபடியே பேசியது.

"அடுத்தது, நம் பள்ளியின் தலைசிறந்த மாணவன் துள்ளனின் தாவல்!" என்று அறிவித்தார் ஆமையார்.

தரையில் ஒரு காய்ந்த குச்சி கிடந்தது. துள்ளன் அதைத் தாண்ட வேண்டும். குச்சி மெலிதானதுதான். ஆனாலும் எதற்கும் இருக்கட்டும் என்று ஆமையார் அதைப் பாதி மண்ணில் புதைத்து வைத்திருந்தார். துள்ளன் மூச்சைப் பிடித்து, குச்சியைக் குனிந்து பார்த்து, ஒரு காலைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தான். பிறகு மறு காலையும் வைத்தான்.

கைதட்டல் காதைப் பிளந்தது. மந்தி ஆனந்தக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள். "வேரிலிருந்து வேருக்குத் தாவினவன், இப்போ பாருங்க, எவ்வளவு நுணுக்கமாத் தாவுறான்!" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

அப்போது வானத்தில் ஓர் இடி இடித்தது. மேற்கே மலை முழுக்கக் கறுத்துவிட்டது.

"மழை வந்தாச்சு!" என்று கத்தினான் குரங்குக் கூட்டத்தின் தலைவன். "எல்லாரும் நாவல் மரத்துக்கு வாங்க! மடு பெருகறதுக்குள்ளே அக்கரை போயிடணும்!"

விழா அப்படியே கலைந்தது. குரங்குகள் வரிசையாக நாவல் மரத்தில் ஏறின. ஒவ்வொன்றாகத் தாவின. கைக்குழந்தைகள் அம்மாவின் வயிற்றைக் கட்டிக்கொண்டு போயின. குன்னியின் முறை வந்தது. அவள் தாவினாள். அத்திக் கிளையில் வயிறு அடித்தது. ஒரு கை நழுவியது. மறு கை விடவில்லை. காலை வீசி ஏறிவிட்டாள்.

கடைசியில் குரங்குகளில் மூன்றே பேர் இக்கரையில் நின்றார்கள். கடுவன், மந்தி, துள்ளன்.

"தாவுடா கண்ணு" என்றாள் மந்தி.

துள்ளன் கிளை நுனிக்குப் போனான். கீழே பார்த்தான். எதிரே பார்த்தான். இரண்டு கையாலும் கிளையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"என்னால முடியாதும்மா. எனக்கு எப்படித் தாவுறதுன்னே மறந்து போச்சு."

மந்தி மகனைத் தூக்கிக்கொண்டு தாவலாமா என்று அவனை அணைத்துப் பார்த்தாள். அவன் கனம் அவளையும் சேர்த்துக் கீழே இழுத்தது. மரத்திலிருந்து சரசரவென்று இறங்கி, தட்டைப் பாறைக்கு ஓடினாள். ஆமையார் அங்கே இலைத் தொப்பிகளை மழை படாமல் எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஐயா! ஐயா! என் பையனுக்கு எப்படித் தாவுறதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, ஐயா!"

"அவன் ஏன் தாவ வேண்டும், அம்மா?" என்றார் ஆமையார் நிதானமாக. "தாவாதவன் விழ மாட்டான்."

"தாவலைன்னா இங்கேயே கிடப்பானே!"

"விழாமல் கிடப்பான், அம்மா."

மழையின் முதல் துளி மந்தியின் மூக்கில் விழுந்தது. அவள் ஆமையாரைப் பார்த்தாள். அவருடைய குட்டைக் கால்களைப் பார்த்தாள். முதுகில் இருந்த ஓட்டைப் பார்த்தாள். இத்தனை நாளாக யாருமே கேட்காத கேள்வியை அவள் அப்போது கேட்டாள்.

"ஐயா, நீங்க ஒரு தடவையாவது மரத்துல ஏறியிருக்கீங்களா?"

ஆமையார் ஆச்சரியத்தோடு கண்ணைச் சிமிட்டினார்.

"நல்ல கேள்வி கேட்டீர்கள், அம்மா! ஏறினால் விழுந்துவிட மாட்டேனா?"

மந்திக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆனால் அது ஆமையார் மேல் வந்த கோபம் இல்லை. அவர் பாவம், உள்ளதைத்தான் சொன்னார். தன் புத்தியை நினைத்துத்தான் அவளுக்குக் கோபம் வந்தது. திரும்பி ஓடி வந்து மரத்தில் ஏறினாள். மகன் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் தலையில் இருந்த தொப்பியைத் தன் கையாலேயே கழற்றித் தண்ணீரில் எறிந்தாள்.

துள்ளன் அதிர்ந்து போனான். "அம்மா! என் தொப்பி!"

"போகட்டும். இப்போ நீ மேதை இல்ல. விழலாம். விழுடா, கண்ணு."

"விழணுமா?"

"ஆமா. தாவிட்டு விழு. அப்பா கீழே இருக்காரு."

கடுவன் அதற்குள் தண்ணீரில் இறங்கி இடுப்பளவு ஆழத்தில் நின்றிருந்தான். அன்றைக்குத்தான் யாரும் சொல்லாமலே ஒரு காரியம் செய்தான்.

துள்ளன் கண்ணை மூடிக்கொண்டு தாவினான். அதைத் தாவல் என்று சொல்வது மரியாதைக்காகத்தான். கிளையிலிருந்து கழன்று விழுந்த நாவல் பழம் மாதிரி 'தொப்' என்று நேராகத் தண்ணீரில் விழுந்தான். கடுவன் அவனை வாலைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டான்.

"டேய், நல்லா விழுந்தேடா!" என்று அக்கரையிலிருந்து குன்னி கத்தினாள்.

துள்ளன் மூக்கில் ஏறிய தண்ணீரைத் தும்மினான். தலையைத் தடவிப் பார்த்தான். தொப்பி இல்லை. தலை மட்டும் பத்திரமாக இருந்தது. விழுந்தாயிற்று, ஒன்றும் ஆகவில்லை. அவனுக்குச் சிரிப்பு வந்தது. எத்தனையோ நாளாகச் சிரிக்காத சிரிப்பையெல்லாம் சேர்த்துச் சிரித்தான். பிறகு யாரும் சொல்லாமலே மரத்தில் ஏறினான்.

மறுபடி தாவினான். பாதி தூரம் போனான். விழுந்தான். மறுபடி ஏறினான். மழை பிடித்துக்கொண்டது. மடு மேலே மேலே வந்தது. "இனிமே தண்ணியில நிக்க முடியாது!" என்று கடுவன் கத்தினான். "இந்தத் தடவை போயிடுடா!"

துள்ளன் கிளை நுனியில் நின்று, எதிர்க் கிளையைப் பார்த்தான். இந்தத் தடவை கீழே பார்க்கவே இல்லை. தாவினான்.

வயிறு அத்திக் கிளையில் அடித்தது. ஒரு கை நழுவியது. மறு கையைக் குன்னி பிடித்துக்கொண்டாள்.

பின்னாலேயே மந்தி தாவினாள். கடைசியாகச் சொட்டச் சொட்டக் கடுவன் வந்து சேர்ந்தான். சேர்ந்த உடனே மந்தி மகனைக் கட்டிக்கொண்டு அழுதாள். அப்புறம் முதுகில் ஒன்று வைத்தாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. உங்கள் அம்மாவிடம் கேட்டால் அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

கீழே, இலைத் தொப்பி மிதந்து மிதந்து தட்டைப் பாறை ஓரமாக ஒதுங்கியது. ஆமையார் அதை எடுத்து, நீரை உதறி, அடுத்த குட்டிக்கு ஆகும் என்று பத்திரமாக வைத்தார். துள்ளன் விழுந்ததை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் தொப்பி கழன்ற பிறகுதானே விழுந்தான்? அதனால் வாசல் தட்டியை மாற்றி எழுத வேண்டிய அவசியம் வரவில்லை. கல்லில் உட்கார்ந்திருந்த பருந்துக் குஞ்சு மட்டும், ஆமையார் அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது, தன் தொப்பியை மெதுவாகக் கழற்றிக் கல்லின்மேல் வைத்துவிட்டு, விளிம்புக்கு நகர்ந்தது.

மழை விட்டதும் அத்தித் தோப்பில் குரங்குகள் வட்டமாக உட்கார்ந்து பழம் தின்றன. ஒருத்தி மந்தியைச் சீண்டினாள்.

"என்னக்கா, உங்க பையன் மேதைன்னு சொன்னீங்களே?"

மந்திக்குப் பெருமை பேசாமல் இருக்க வராது. அது பிறவிக் குணம். அத்திப் பழத்தை வாயில் அடக்கிக்கொண்டு, குரலை உயர்த்திச் சொன்னாள்.

"மேதையா? அதெல்லாம் யாருக்கு வேணும்! எங்க துள்ளன் மாதிரி விழுறதுக்கு இந்தக் காட்டுல யாராவது இருக்காங்களான்னு கேளு!"

நீதி: விழவே கூடாது என்று வளர்க்கப்படும் பிள்ளை, தாவுவதையும் மறந்துவிடும்.